பேரில் மட்டும் ஊர் இருந்தால் போதுமா?

தமிழ்நாட்டில் விளையாட்டு ரசிகன் என்றால் மஞ்சள் பனியன், வாயில் விசில், கையில் கொடி என்று ஒரு படம் எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது. அந்தப் படம் சேப்பாக்கத்துக்குச் சரி. கலசப்பாக்கத்துக்குப் பாதிதான் பொருந்தும். இங்கேயும் ஐ.பி.எல். நடக்கிற இரண்டு மாதமும் டீக்கடையில் வேறு பேச்சு எடுபடாதுதான். ஆனால் பொங்கலை ஒட்டி சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிராமத்திலாவது 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்று ஃபிளெக்ஸ் கட்டிவிட்டால், அதே ஆட்கள்தான் மார்கழி, தை பனியில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு விடிய விடிய நிற்பார்கள். கிரிக்கெட் இவர்கள் பார்க்கிற விளையாட்டு. கபடி இவர்கள் முட்டி தேய ஆடிய விளையாட்டு. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இப்படிப்பட்ட ரசிகனுக்கு 'நம்ம டீம்' என்று சொல்லிக்கொள்ள இருபது வருடத்துக்கு முன்னால் ஒன்றுமே கிடையாது. ரஞ்சியில் தமிழ்நாடு, கபடியில் பேங்க் டீம், ரயில்வே டீம், போலீஸ் டீம் என்று பேப்பரில் படித்ததோடு சரி. 2008-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் வந்தது. 2014-ல் கால்பந்துக்குச் சென்னையின் எஃப்சி. 2016-ல் மாவட்டத்துக்கு ஒன்று என்கிற மாதிரி டி.என்.பி.எல். அணிகள் எட்டு. 2017-ல் கபடிக்குத் தமிழ் தலைவாஸ். 2019-ல் வாலிபாலுக்குச் சென்னை ஸ்பார்ட்டன்ஸ். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு கூடை நிறைய அணிகள்!

ஆனால் இதில் எது உண்மையிலேயே நம்முடையது? இந்தக் கேள்வியைத்தான் கலசப்பாக்கத்து ரசிகன் கேட்கிறான். கேட்க அவனுக்கு உரிமையும் இருக்கிறது.

தோற்பது ஒரு பிரச்சினையே இல்லை

'டீம் தோற்றால் ரசிகன் கோபப்படுவான்' என்று ஒரு நினைப்பு இருக்கிறது. தலைவாஸ் ரசிகனைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அறிமுகமான 2017-ல் தன் பிரிவில் கடைசி இடம். 2018-ல் மறுபடியும் பிரிவில் கடைசி. 2019-ல் பிரிவே கிடையாது, பன்னிரண்டு அணிகளும் ஒரே பட்டியல், அதிலும் பன்னிரண்டாவது. 2021-22 சீசனில் கொஞ்சம் முன்னேறி பதினொன்று :-) இப்படி நாலு சீசன் அடிவாங்கிய பிறகும், அடுத்த சீசன் ஆரம்பித்த அன்றைக்கு ரிமோட்டை வேறு யாரும் தொட விடாமல் உட்கார்ந்த ஆட்கள் இந்த ஊர்களில் இருந்தார்கள்.

அவர்களுக்கு 2022-ல் கொஞ்சம் கூலி கிடைத்தது. அந்த வருட ஏலத்தில் பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். அதுவரை புரோ கபடியில் யாருக்கும் கொடுக்காத விலை. முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு அவர் சீசன் முழுக்க வெளியே. 'முடிஞ்சுது கதை' என்று ஊரே சொன்னது. ஆனால் நரேந்தர் மாதிரிப் பெயர் தெரியாத பையன்கள் ரெய்டு போய் அணியை அரையிறுதி வரை தூக்கிக்கொண்டு போனார்கள். புனேரி பல்தானிடம் 37-39. வெறும் இரண்டே பாயிண்ட்! அன்றைக்குத் தூக்கம் வராதவர்கள் எத்தனையோ பேர்.

தோல்வியை ரசிகன் தாங்கிக்கொள்வான். 2016, 2017 என்று இரண்டு வருடம் தடையில் கிடந்த சூப்பர் கிங்ஸுக்காகக் காத்திருந்தவனும், 2018-ல் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்து ஆட்டங்கள் புனேவுக்குப் போனபோது தனி ரயிலில் ஏறிப் பின்னாலேயே போனவனும் தமிழ்நாட்டு ரசிகன்தானே. பொறுமையில் அவனுக்குக் குறை சொல்ல முடியாது.

வெளியூர்க்காரர் ஆடுவதும் பிரச்சினை இல்லை

அடுத்து வழக்கமாக வருகிற வாதம்: 'பேர் தமிழ் தலைவாஸ், ஆடுவதெல்லாம் ஹரியானா. எங்கே தமிழன்?' ஃபேஸ்புக்கில் இதைப் போட்டால் லைக் அள்ளும். இந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது, பாதி இல்லை.

நியாயம் இல்லாத பாதியை முதலில் பார்த்துவிடலாம். தோனி ராஞ்சிக்காரர். அவரை 'தல' என்று கூப்பிட இங்கே யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை. தலைவாஸின் முதல் கேப்டன் அஜய் தாக்கூர் இமாசலப் பிரதேசத்துக்காரர். கடைசி இடத்தில் கிடந்த அந்த வருடங்களில் இங்கே பையன்கள் காப்பியடித்தது அவருடைய தவளைப் பாய்ச்சலைத்தான். நல்லா ஆடுகிறவன் எந்த ஊராக இருந்தாலும் தோளில் தூக்கிவைத்துக் கொள்கிற பழக்கம் கிராமத்துக் கபடியிலேயே உண்டு. பக்கத்து மாவட்டத்திலிருந்து ஆள் பிடித்து வந்து இறக்குவது மின்னொளிப் போட்டிகளில் சர்வ சாதாரணம்.

நியாயம் இருக்கிற பாதி வேறு. 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வாங்கியபோது அந்த அணிக்குக் கேப்டன் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன். அதற்கப்புறமும் அவர் புனே, மும்பை, ஹரியானா என்று ஆடினார். தலைவாஸ் சட்டை போட்டு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2024-ல்தான் பயிற்சியாளர் குழுவுக்கு வந்து சேர்ந்தார். கபடி தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய அணியில் இருந்த மணத்தி கணேசன், தூத்துக்குடி மாவட்டத்து ஒரு கிராமத்து ஆள். அவர் வாழ்க்கையை வைத்துத்தான் 2025-ல் 'பைசன்' படமே வந்தது. அதே 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய பெண்கள் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். விளைச்சல் இருக்கிறது, அறுக்கத்தான் ஆள் வரவில்லை.

ஆக, கேள்வி 'ஏன் ஹரியானாக்காரர் ஆடுகிறார்?' என்பது இல்லை. 'எங்கள் ஊர்ப் பையனைப் பார்க்க ஏன் யாரும் வரவில்லை?' என்பதுதான். முதல் கேள்வியில் வெறுப்பு இருக்கிறது. இரண்டாவதில் இருப்பது ஏக்கம்.

பேர்ப்பலகை மாற்றும் அணிகள்

கிரிக்கெட் பக்கம் போனால் நிலைமை இன்னும் வேடிக்கை. டி.என்.பி.எல். ஆரம்பித்தபோது ஊர்ப்பெயர் வைத்த அணிகள் என்பதே பெரிய கவர்ச்சி. 2016-ல் முதல் கோப்பையை வாங்கியது தூத்துக்குடி அணி, டூட்டி பேட்ரியாட்ஸ். 2021-ல் அதே அணி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிவிட்டது. திருவள்ளூர் வீரன்ஸ் என்று பிறந்தது காஞ்சி வீரன்ஸ் ஆகி, பிறகு நெல்லை ராயல் கிங்ஸ் ஆனது. திருவள்ளூர் எங்கே, திருநெல்வேலி எங்கே! காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனது.

திருப்பூர் தமிழன்ஸ் 2025-ல் கோப்பையை வாங்கியது. இப்போது 2016-லிருந்து அந்த அணிக்குக் கைதட்டி வந்த காரைக்குடி ரசிகன் என்ன செய்ய வேண்டும்? சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா? தூத்துக்குடிக்காரனுக்கு முதல் கோப்பையின் ஞாபகம் மட்டும் மிச்சம். கோப்பையை வாங்கிய அணி சேலத்தில். இத்தனைக்கும் அந்த அணி தூத்துக்குடி மண்ணில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

வாலிபால் கதை இதைவிடச் சோகம். 2019-ல் முதல் புரோ வாலிபால் லீக். பிப்ரவரியில் நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் காலிகட் ஹீரோஸை 3-0 என்று மடக்கிக் கோப்பை வாங்கியது. அந்த வருடம் முடிவதற்குள் வாலிபால் சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தியவர்களுக்கும் தகராறு. லீக் நின்றது. 2022-ல் பிரைம் வாலிபால் என்று புதுப் பெயரில் தொடங்கியபோது சென்னைக்குக் கிடைத்தது சென்னை பிளிட்ஸ் என்ற வேறு அணி. சாம்பியன் அணியே காணாமல் போய்விட்டது! ஆனால் தோற்ற காலிகட் ஹீரோஸ் அதே பெயரோடு புது லீக்குக்கு வந்து, 2024-ல் கோப்பையும் வாங்கிவிட்டது. கோழிக்கோட்டு ரசிகனுக்கு 2019 தோல்விக்குப் பதில் சொல்ல ஒரு 2024 கிடைத்தது. சென்னை ரசிகனுக்குக் கிடைத்தது பீரோவில் மடித்து வைத்த ஒரு பழைய பனியன்.

ஒரு கடை பேர்ப்பலகையை மாற்றினால் வாடிக்கையாளர் கவலைப்பட மாட்டார். சரக்கு நன்றாக இருந்தால் போதும். ஆனால் ரசிகன் வாடிக்கையாளர் இல்லை. அவன் வாங்குவது சரக்கு இல்லை, உறவு. இது அணிக்காரர்களுக்கும் தெரியும். விளம்பரத்தில் அவனைக் 'குடும்பம்' என்றுதானே கூப்பிடுகிறார்கள்? குடும்பம் என்று கூப்பிட்டுவிட்டு, வீடு மாறும்போது சொல்லாமல் போவது என்ன பழக்கம்?

எட்டு சீசனும் ஒரு கணக்கும்

தலைவாஸ் பேர் மாறவில்லை, அது ஒரு ஆறுதல். ஆனால் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 2017-லிருந்து 2025 வரை தலைவாஸ் ஆடியது எட்டு சீசன். அதில் தமிழ்நாட்டில் ஆட்டம் நடந்தது ஐந்தில்: 2017, 2018, 2019, 2023, 2025. ஐந்தும் சென்னையில். 2021-22 கொரோனாவால் எல்லாமே பெங்களூரில், ஆளில்லாத அரங்கில்; அதை யாரும் குறை சொல்ல முடியாது. 2024-ல் ஹைதராபாத், நொய்டா, புனே.

2022? பெங்களூர், புனே, ஹைதராபாத், கடைசியில் மும்பை. அதாவது, தலைவாஸ் முதல் தடவையாக அரையிறுதிக்குப் போன அந்த ஒரே வருடத்தில், தமிழ்நாட்டில் ஒரு ஆட்டம்கூட இல்லை. நாலு சீசன் தோல்வியைத் தாங்கியவனுக்கு ஜெயித்த வருடத்தில் நேரில் போய்க் கத்துவதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. இதைவிட ஒரு ரசிகனை எப்படி ஏமாற்ற முடியும்?

சென்னையில் நடக்கிற வருடத்திலும் கலசப்பாக்கத்துக்காரனுக்கு அது சுலபம் இல்லை. பஸ்ஸில் நாலைந்து மணி நேரம். ஆட்டம் ராத்திரியில். முடிந்ததும் பஸ் பிடித்து, விடிகாலை வந்து இறங்கி, அப்படியே வேலைக்கோ காலேஜுக்கோ போக வேண்டும். ஜமுனாமரத்தூர் மாதிரி மலைமேல் இருப்பவனுக்கு அதற்கு மேலும் ஒரு பஸ். டிக்கெட் காசு, பஸ் காசு, சாப்பாடு என்று கூட்டினால் ஒரு வாரக் கூலி போய்விடும். அதனால்தான் இந்தப் பக்கத்து ரசிகர்களில் பெரும்பாலோர் 'தங்கள்' அணியை டி.வி.யில் மட்டுமே பார்த்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரரை வீடியோ காலில் மட்டும் பார்ப்பது மாதிரி!

'இதெல்லாம் நடக்கிற காரியமா?'

நடைமுறை தெரிந்தவர்கள் உடனே சொல்வார்கள்: "தம்பி, இது டி.வி.க்கான லீக். காசு அங்கிருந்துதான் வருது." உண்மைதான். புரோ கபடியை நடத்தும் மஷால் ஸ்போர்ட்ஸில் 74 சதவீதப் பங்கை 2015-ல் வாங்கியதே ஸ்டார் இந்தியா என்கிற டி.வி. நிறுவனம். நாலு ஊரில் நடத்தினால் செலவு குறையும், கேமராவை இடம் மாற்ற வேண்டியதில்லை. கணக்கு சரி. டி.வி. இல்லாவிட்டால் கபடிக்கு இந்த மவுசே வந்திருக்காது என்பதையும் மறுக்க முடியாது. மூன்றாவது ரெய்டில் பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும் என்கிற 'டூ ஆர் டை', மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் கூடுதல் பாயிண்ட் தருகிற 'சூப்பர் டேக்கிள்' இதெல்லாம் டி.வி. பார்த்துத்தானே ஊர்ப் பையன்கள் கற்றார்கள்?

ஆனால் லீக் ஆட்டத்தை இங்கே கொண்டுவாருங்கள் என்று யாரும் கேட்கவில்லையே. சீசனுக்கு முன்னால் அணி எங்கேயோ பயிற்சி எடுக்கத்தான் செய்கிறது. அதில் நாலு நாள் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வரட்டும். இரண்டு அணியாகப் பிரிந்து ஒரு காட்சி ஆட்டம். கிரிக்கெட்டுக்குப் பெரிய மைதானம், பிட்ச், புல் எல்லாம் வேண்டும். கபடிக்கு வேண்டியது 13 மீட்டருக்கு 10 மீட்டர் இடமும் விரிக்க மேட்டும். எந்த அரசுப் பள்ளி மைதானத்தில் இந்த இடம் இல்லை?

கிரிக்கெட்டே செய்து காட்டியிருக்கிறது. டி.என்.பி.எல். ஆட்டங்கள் திண்டுக்கல் பக்கத்தில் நத்தத்தில், ஒரு காலேஜ் மைதானத்தில் நடந்தன. நத்தம் பெரிய நகரம் இல்லை. அங்கே ஃப்ளட்லைட் போட்டு, கேமரா வைத்து, நேரடி ஒளிபரப்பே செய்தார்கள். பேர் மாற்றுகிற விஷயத்தில் டி.என்.பி.எல்.-ஐத் திட்டலாம், இந்த விஷயத்தில் பாராட்டியே ஆக வேண்டும். நத்தத்தால் முடிந்தது போளூரால் முடியாதா, கலசப்பாக்கத்தால் முடியாதா?

வெளியே எப்படி?

அமெரிக்காவில் கிரீன் பே என்று ஓர் ஊர். மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். 2011 கணக்குப்படி 1.45 லட்சம் பேர் இருந்த நம் திருவண்ணாமலையைவிடச் சின்னது. அந்த ஊருக்கு அமெரிக்கக் கால்பந்தின் உச்ச லீக்கில் ஓர் அணி, பேக்கர்ஸ். நியூயார்க், சிகாகோவோடு சரிக்குச் சமமாக ஆடுகிறது. யாரும் அதை விலைக்கு வாங்கி வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. காரணம், 1923-லிருந்து அதன் உடைமை பொதுமக்கள் கையில். பங்கு வைத்திருப்பவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அந்தப் பங்குக்கு லாபம் எதுவும் கிடையாது. 'இது எங்கள் டீம்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மட்டும்தான் லாபம்!

ஜெர்மனியில் கால்பந்து கிளப்புகளுக்கு '50+1' என்று ஒரு விதி. சில விதிவிலக்குகள் தவிர, ஓட்டில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய முதலாளி வந்தாலும் ரசிகனைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது.

இதையெல்லாம் நாளைக்கே இங்கே கொண்டுவர முடியாது. அணி நடத்துவது நஷ்டத் தொழிலாகவும் இருக்கிறது. 2025-ல் ஐ.எஸ்.எல். ஒப்பந்தச் சிக்கலில் மாட்டியபோது, இரண்டு தடவை சாம்பியனான சென்னையின் எஃப்சி ஆகஸ்டில் தன் முதல் அணியின் வேலைகளையே நிறுத்திவைத்தது. முதலாளி கையைத் தூக்கினால் அணி அந்தரத்தில் நிற்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி. அதனால்தான் அணிக்கு முதலாளியைத் தவிர வேறு வேரும் வேண்டும் என்று சொல்வது. ஊரில் வேர் விட்ட அணியை அவ்வளவு சீக்கிரம் யாராலும் பிடுங்க முடியாது. ரசிகனுக்குச் செய்வது தர்மம் இல்லை, அணியின் ஆயுளுக்குப் போடும் முதலீடு.

கேட்பது மூன்றே மூன்று

ஒன்று, சீசனுக்கு முன்னால் வருடத்துக்கு மூன்று நான்கு மாவட்டங்களில் தலைவாஸ் ஒரு காட்சி ஆட்டமாவது ஆட வேண்டும்.

இரண்டு, ஆள் தேடுவதற்குப் பொங்கல் மின்னொளிப் போட்டிகளுக்கும், முதலமைச்சர் கோப்பையின் மாவட்ட ஆட்டங்களுக்கும் அணியின் பயிற்சியாளர்கள் வந்து உட்கார வேண்டும். தேர்வு வைத்துக் கூப்பிட்டால் பஸ் காசு இருப்பவன்தான் வருவான். நல்லா ஆடுகிறவன் கரும்பு வெட்டப் போயிருப்பான்.

மூன்று, வட்டத்துக்கு ஒரு மேட். ஊர்ப் பையன் மண்ணில் ஆடிப் பழகியவன். வெறுங்காலோடு மண்ணைப் பற்றி நின்றவனுக்கு ஷூ மாட்டி மேட்டில் இறக்கினால் கால் வேறு மாதிரி வேலை செய்யும், திருப்பம் பிடிபடாது. தேர்வில் தோற்பது திறமைக் குறைவால் இல்லை, பழக்கம் இல்லாததால். இதை அணிதான் வாங்கித் தர வேண்டும் என்றும் இல்லை. அரசு செய்யலாம், ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்யலாம். கிரிக்கெட் வீரர் நடராஜன் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் தன் சொந்த ஊருக்கு ஒரு மைதானமே கட்டி 2023-ல் திறந்தார். அவரைவிடப் பல மடங்கு காசு இருக்கிற அணிகளுக்கு ஒரு மேட் பெரிய விஷயமா?

ரசிகன் பக்கமும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. டி.வி.யில் தலைவாஸுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவன், பக்கத்துக் கிராமத்தில் அறுபது கிலோ எடைப் பிரிவில் ஆடுகிற பையனுக்கு ஒரு கைதட்டலாவது தர வேண்டும். போட்டி நடத்துகிறவர்கள் நோட்டை நீட்டும்போது நூறு ரூபாய் எழுத வேண்டும். பெண் பிள்ளைகள் கபடி ஆடினால் வாய் பேசாமல் மைதானத்தில் இடம் விட வேண்டும். உள்ளூர் ஆட்டம் செத்துப்போனால் அப்புறம் எந்த அணி வந்து இங்கே யாரைத் தேடும்?

அணி ஜெயிக்கட்டும், தோற்கட்டும். அதற்குத் தமிழ்ப் பெயர் இருப்பதில் பெருமைதான். ஆனால் ஒரு ஊர்க்காரனுக்கு ஓர் அணி சொந்தமாவது பெயரால் இல்லை, வந்து போவதால். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருகிறவர்தான் இந்தப் பக்கத்தில் சொந்தக்காரர். பத்திரிகையில் மட்டும் பேர் போட்டுக்கொள்கிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை.